முதுகில் ‘இந்தியா’ என்று இருந்தால் போதுமா?

பல்லடம் பக்கத்தில் விசைத்தறி வைத்திருக்கும் ஒரு தகப்பனார் கேட்டிருக்கிறார்: “ஏனுங்க சார், மக பத்தாவது படிக்கிறா. ஸ்கூல் கபடி டீம்ல நல்லா ரைடு போவா. போன மாசம் திருப்பூர்ல ஒரு செலக்‌ஷன் வெச்சாங்க, ஒரே நாள்ல முடிஞ்சுது. இப்ப அவளை இந்திய டீமுக்கு எடுத்தாச்சு, நேபாளத்துல இன்டர்நேஷனல் மேட்ச், 38,000 ரூபா கட்டுங்கன்னு சொல்றாங்க. முதுகுல ‘இந்தியா’ன்னு போட்ட ஜெர்சி போட்டோவும் அனுப்பியிருக்காங்க. சீட்டு எடுத்துக் கட்டிப்போடலாமுங்களா?”

இப்போதைக்குக் கட்டாதீர்கள், சீட்டும் எடுக்காதீர்கள். ஒரு அணிக்கு நாட்டின் பெயர் எப்படி வருகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால், அவர்களிடம் என்ன கேட்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஜெர்சியை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. திருப்பூர்க்காரர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. டிசைனைக் கொடுத்தால் எந்த நாட்டின் பெயரையும் பிரிண்ட் போட்டு வாங்கிவிடலாம்.

இந்திய அணியை அரசாங்கம் தேர்ந்தெடுக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஒவ்வொரு விளையாட்டுக்கும் உலக அளவில் ஒரு கூட்டமைப்பு இருக்கிறது. அது ஒவ்வொரு நாட்டிலும் ஒரு சங்கத்தை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்கிறது. அந்த உறுப்பினர் சங்கம் அனுப்பும் அணிதான் நாட்டின் பெயரில் ஆடுகிறது. அரசாங்கம் அந்தச் சங்கத்துக்கு அங்கீகாரம் தரும், பணம் தரும். ஆளை எடுப்பது சங்கம்.

கிரிக்கெட்டையே பாருங்கள். 1928இல் தொடங்கிய இந்திய கிரிக்கெட் வாரியம், நம் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான ஒரு சங்கம். அரசியல் சட்டம் சொல்லும் ‘அரசு’ என்ற வரையறைக்குள் அது வராது என்று 2005இல் உச்ச நீதிமன்றத்தில் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பானது. அந்த அணியை இந்திய அணி என்று சொல்லக் கூடாது என்று போன வழக்கை 2025 அக்டோபரில் டெல்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன் 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் பந்து வீசியபோது, அந்த வாரியம் தேர்ந்தெடுத்த ஆளாகத்தான் வீசினார். நமக்கு அவர் இந்தியாவுக்காக வீசினார். இரண்டும் உண்மைதான்.

சங்கத்தின் எல்லையும் நாட்டின் எல்லையும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்றும் கிடையாது. வெஸ்ட் இண்டீஸ் என்று ஒரு நாடே இல்லை. ஜமைக்கா, பார்படோஸ், டிரினிடாட், தென் அமெரிக்கக் கரையிலுள்ள கயானா என்று பல நாடுகள் சேர்ந்து ஒரே கிரிக்கெட் வாரியம் வைத்திருக்கின்றன. ஒலிம்பிக்கில் அவை தனித்தனி. 1998இல் கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் கிரிக்கெட் வந்தபோது ஜமைக்கா, பார்படோஸ், ஆன்டிகுவா பார்புடா என்று பிரிந்துதான் ஆடினார்கள். அயர்லாந்து இன்னொரு மாதிரி. ரக்பியிலும் கிரிக்கெட்டிலும் தீவு முழுவதற்கும் ஒரே அணி, கால்பந்தில் வடக்கும் தெற்கும் வேறு வேறு. இங்கிலாந்து கிரிக்கெட் அணியை அனுப்பும் வாரியத்தின் பெயரிலேயே வேல்ஸும் உண்டு, அணியின் பெயரில் இல்லை.

சங்கத்தின் உறுப்பினர் தகுதி போனால், ஆள் எவ்வளவு நல்ல ஆட்டக்காரராக இருந்தாலும் பெயர் கிடைக்காது. இந்திய ஒலிம்பிக் சங்கம் இடைநீக்கத்தில் இருந்ததால் 2014இல் ரஷ்யாவின் சோச்சியில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கின் தொடக்க விழாவில் சிவ கேசவன் ஒலிம்பிக் கொடியின் கீழ்தான் நடந்தார். 2023இல் மல்யுத்தத்தில் அதே நிலை. பெல்கிரேட் உலகப் போட்டியில் அந்திம் பங்கால் வெண்கலம் வாங்கினார், பக்கத்தில் நம் நாட்டின் பெயர் இல்லை.

உங்கள் அம்மிணி ஆடும் கபடியிலேயே இது நடந்தது. தேசியக் கூட்டமைப்பு பல ஆண்டுகள் நீதிமன்றம் நியமித்த நிர்வாகியின் கையில் இருந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகம் இல்லை என்று சர்வதேச அமைப்பு அதை இடைநீக்கம் செய்துவிட்டது. இரண்டு வீராங்கனைகள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2025 பிப்ரவரியில் உத்தரவு வந்து, பொறுப்பு கைமாறி, மார்ச்சில் பெண்கள் அணி டெஹ்ரானுக்குப் போய் ஆசிய சாம்பியன் ஆனது. உண்மையான இந்திய அணிக்கே அந்தப் பெயருக்காக இவ்வளவு பாடு என்றால், ஒரே நாள் செலக்‌ஷனில் அது வந்துவிடுமா?

சரி, இனி உங்கள் கேள்விகள். உங்களை அழைத்த அமைப்பின் முழுப் பெயரை எழுத்தில் வாங்குங்கள். மத்திய விளையாட்டு அமைச்சகம் அங்கீகரித்த கூட்டமைப்புகளின் பட்டியல் அதன் இணையதளத்தில் இருக்கிறது. பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு சொல்லை முன்பின் மாற்றி வைத்துக்கொள்கிற அமைப்புகள் நிறைய. ‘அரசுப் பதிவு பெற்றது’ என்பார்கள். ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதிவு செய்யலாம், பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. 2025இல் வந்த தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் ‘இந்தியா’ என்ற பெயரைப் பயன்படுத்துவதற்கும் கட்டுப்பாடு வைத்திருக்கிறது.

அடுத்து, எதிரில் ஆடப்போவது யார் என்று கேளுங்கள். நேபாளத்துக்கு நாம் விசா இல்லாமல் போகலாம். அதனால் அங்கே போட்டி வைப்பது சுலபம். எதிரணியையும் அந்த நாட்டில் அங்கீகாரம் பெற்ற சங்கம் அனுப்புகிறதா என்று பார்க்க வேண்டும்.

பணம் கேட்பதை மட்டும் வைத்துப் போலி என்று சொல்லிவிடாதீர்கள். அரசுக்குச் செலவில்லை என்ற நிபந்தனையோடு போகும் அங்கீகாரம் பெற்ற அணிகளிலும் பிள்ளைகள் கைக்காசு போடுவதுண்டு. உரசிப் பார்க்க வேண்டியது சான்றிதழை. மத்திய அரசு வேலையின் விளையாட்டு ஒதுக்கீட்டில் நாட்டுக்காக ஆடியவருக்குப் படிவம் 1 என்று ஒன்று உண்டு, அதில் தேசியக் கூட்டமைப்பின் செயலாளர் கையெழுத்து இருக்க வேண்டும். தமிழ்நாட்டு அரசு வேலையின் 3 சதவீத ஒதுக்கீட்டுக்கும் சான்றிதழைத் துருவித்தான் பார்ப்பார்கள். “படிவம் 1 தருவீர்களா?” என்று அவர்களிடம் கேளுங்கள். சுற்றி வளைத்தால் விட்டுவிடுங்கள்.

உடற்கல்வி ஆசிரியராக இருந்த காலத்தில் என் மாணவி ஒருத்தி இப்படி ஒரு போட்டிக்குப் போய் மெடலோடு வந்தாள். பள்ளியில் மாலை போட்டோம், நானும் கைதட்டினேன். நாலு வருடம் கழித்து வேலைக்கான சரிபார்ப்பில் அந்தச் சான்றிதழைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவள் வீட்டில் மாட்டை விற்று அந்தப் பணத்தைக் கட்டியிருந்தார்கள். அன்றைக்கு நான் விசாரித்திருக்க வேண்டும். அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மகளிடம் “நீ ஏமாந்துவிட்டாய்” என்று சொல்லாதீர்கள். அவள் ஆட்டத்தில் குறை ஒன்றுமில்லை. குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று போகும் பள்ளி விளையாட்டில் ஆடட்டும். முதலமைச்சர் கோப்பைக்கும் பெயர் கொடுங்கள். மாவட்ட அமெச்சூர் கபடிக் கழகம் ஜூனியர் பிரிவுக்கு எப்போது ஆள் எடுக்கிறது என்று அவளுடைய பி.டி. டீச்சரிடம் கேட்டுவையுங்கள். பத்தாவது முடிக்கிறாள் அல்லவா, விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளில் பதினொன்றாம் வகுப்புக்கும் சேர்க்கை உண்டு. தேர்வுப் போட்டி எப்போது என்று திருப்பூர் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் இப்போதே கேட்டு வையுங்கள். அங்கே தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் காசு கட்ட வேண்டியதில்லை.