ஜோகூர் போகும் காருக்கு ரகசிய சுவிட்ச்: எந்த வயரில் வைப்பது?

கேள்வி: சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கிறேன். எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடி நிறுத்துமிடத்தில் காரை விடுவதில் எனக்குப் பயமில்லை. ஆனால் மாமியார் வீடு மலேசியாவின் ஜோகூர் பாருவில். அங்கே அடிக்கடி இரவு தங்குகிறோம், கார் தெருவோரம்தான் நிற்கும். சாவி போட்டுத் திருகும் பழைய ஜப்பானியக் கார், ஆட்டோ கியர். 10 ஆண்டு முடிந்து, சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) இப்போதுதான் புதுப்பித்தேன். பெட்ரோல் பம்ப் வயரில் ஒரு ரகசிய சுவிட்ச் வைத்துவிடு என்கிறார் நண்பர். வைக்கலாமா?

பதில்: சுவிட்ச் தாராளமாக வைக்கலாம். ஆனால் பெட்ரோல் பம்ப்பில் வேண்டாம், என்ஜினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டாரின் வயரில் வையுங்கள்.

நண்பர் சொல்வது காலங்காலமாகச் செய்துவரும் முறைதான். பம்ப்புக்கு மின்சாரம் போகாவிட்டால், குழாயில் மிச்சமிருக்கும் அழுத்தத்தில் என்ஜின் கொஞ்சம் ஓடி அணைந்துவிடும். ஏதோ பழுது என்று நினைத்துத் திருடன் விட்டுவிட்டுப் போவான் என்பது கணக்கு. ஆனால் பம்ப் கார் ஓடும் நேரமெல்லாம் வேலை செய்வது. நீங்கள் புதிதாகச் சேர்க்கும் சுவிட்ச், ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இணைக்கும் சாதனம்), இணைப்புகள் எல்லாம் அவ்வளவு நேரமும் மின்சாரத்தைச் சுமக்க வேண்டும். எஸ்எல்இ விரைவுச்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதில் ஒன்று கழன்றால் என்ன ஆகும்? என்ஜின் அணையும், ஸ்டீயரிங் கல்லாகக் கனக்கும், பிரேக் ஓரிரு மிதிக்குத்தான் இலகுவாக வேலை செய்யும். பின்னால் லாரி வரும். திருட்டுக்குப் பயந்து உயிருக்கு உலை வைத்துக்கொள்ளக் கூடாது.

ஸ்டார்ட்டருக்கு வேலை சாவியைத் திருப்பும் அந்த ஒரு கணம்தான். அந்த வயரில் வைத்த சுவிட்ச் என்றைக்காவது கெட்டுப்போனால் நின்ற இடத்தில் கார் கிளம்பாது, அவ்வளவே. ஓடும் காரை அது நிறுத்தாது.

இனி வயரிங். சுவிட்சை நேராக ஸ்டார்ட்டர் வயரில் கோக்கச் சொல்லாதீர்கள். அதில் 10 ஆம்பியருக்கு மேலும் போகலாம், சின்ன சுவிட்ச் கருகிவிடும். நடுவில் ஒரு 40 ஆம்பியர் ரிலே வேண்டும். சாவிப் பக்கத்திலிருந்து வரும் ஸ்டார்ட் வயரை வெட்டி ரிலேயின் 30ஆம் முனையில் கொடுத்து, 87இலிருந்து ஸ்டார்ட்டருக்குக் கொண்டுபோக வேண்டும். அதே சாவிப் பக்கத்து வயரிலிருந்து ஒரு கிளை எடுத்து 85க்கு. 86இலிருந்து வரும் மெல்லிய வயர் உங்கள் ரகசிய சுவிட்ச் வழியாக பாடி எர்த்துக்கு, அதாவது காரின் உலோக உடலுக்குப் போகும். இப்படிச் செய்தால் சுவிட்சில் ஓடுவது ஆம்பியரில் ஒரு சிறு பகுதிதான், அதனால் விரல்நுனி அளவு சுவிட்சே போதும். நிறுத்திவைத்த காரில் பேட்டரியும் இறங்காது. சுவிட்ச் அணைந்திருக்கும்போது ரிலே ‘டிக்’ என்றுகூடச் சத்தம் போடாது, ஆக அதைக் காது வைத்துத் தேட முடியாது. சில ரிலேக்களில் 87ஏ என்று ஒரு முனை இருக்கும். அதில் மாட்டக் கூடாது. அதில் மாட்டினால் ரிலேக்கு மின்சாரம் இல்லாதபோது ஸ்டார்ட்டருக்கான பாதை இணைந்தே இருக்கும், சுவிட்ச் வயரை அறுத்துவிட்டாலே கார் கிளம்பிவிடும்.

இணைப்பு போடும் விதத்தை நின்று பாருங்கள். வயரைக் கவ்விப் பிடிக்கும் நீல பிளாஸ்டிக் கிளிப்பை ‘டக்’கென்று அழுத்திவிட்டு வேலையை முடிப்பவர்கள் உண்டு. நம் ஊர் ஈரப்பதத்தில் நாளடைவில் அதைத் திறந்தால் உள்ளே செம்பு பச்சை பூத்துக் கிடக்கும், பாதி இழை அறுந்திருக்கும். சால்டர் வைத்தோ, முறையாக கிரிம்ப் செய்தோ, மேலே சுருங்கு குழாய் போட்டு, கம்பெனி வயர்க்கட்டில் இருப்பது போன்ற கறுப்புத் துணி டேப் சுற்றச் சொல்லுங்கள். சிவப்பு, பச்சை என்று புது வயர் பளிச்சென்று தெரிந்தால் திருடனுக்கு நாமே வழிகாட்டியது போலாகும். மஞ்சள் உறையோ மஞ்சள் இணைப்பியோ உள்ள வயர் பெரும்பாலும் ஏர்பேக்குடையது, அதன் பக்கமே போகக் கூடாது.

சுவிட்சை எங்கே மறைப்பது என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அது மறைவிடமாக இருக்காது. விதியை மட்டும் சொல்கிறேன். சீட் பெல்ட் போட்டபடி உங்கள் கை எட்ட வேண்டும். டாஷ்போர்டுக்கு அடியில் ஒருவன் கை விட்டுத் துழாவும்போது தட்டுப்படக் கூடாது. காந்தம் காட்டினால் வேலை செய்யும் ரீட் சுவிட்சைப் பேனலுக்குப் பின்னால் வைப்பது எனக்கு மிகவும் பிடித்த வழி, வெளியே எதுவுமே தெரியாது. ஆனால் உங்கள் காரில் சிக்னலில் நின்றால் என்ஜின் தானாக அணைந்து மறுபடி கிளம்பும் வசதி இருந்தால் அது சரிவராது. காந்தத்தை எடுத்த பிறகு உட்லண்ட்ஸ் கடற்பாலத்து வரிசையில் என்ஜின் அணைந்ததென்றால் மறுபடி கிளம்பாது. அப்படிப்பட்ட காருக்கு, ஒருமுறை போட்டால் அப்படியே நிற்கும் சுவிட்ச்தான் வேண்டும்.

பேட்டரி முனையையே துண்டிக்கும் சுவிட்சும் கடையில் கிடைக்கிறது. உங்களுக்கு அதைச் சொல்ல மாட்டேன். டேஷ்கேம் அணைந்துபோகும், அலாரம் ஊமையாகும், பானெட்டைத் திறந்தவன் கண்ணில்தான் முதலில் படும். அதேபோல் இஆர்பி (மின்னியல் சாலைக் கட்டண) கருவியின் வயரிலிருந்து எதற்கும் மின்சாரம் எடுக்க விடாதீர்கள்.

இந்தக் காலத்தில் இவ்வளவு எளிய சுவிட்ச் எதற்கு என்று தோன்றலாம். புதிய கார்களைத் திருடுபவர்கள் வீட்டுக்குள் இருக்கும் சாவியின் அலையை நீட்டிக் கதவைத் திறக்கிறார்கள். முன்விளக்கின் இணைப்பைக் கழற்றி, அதன் வழியாகக் காரின் கணினி வலையமைப்புக்குள் பொய்ச் செய்தி அனுப்பும் முறையை 2023இல் கென் டிண்டெல் என்ற பொறியாளர் விரிவாக விளக்கினார். கணினியை எப்படி ஏமாற்றினாலும், ஸ்டார்ட்டருக்குப் போகும் செம்புக் கம்பி நடுவில் அறுந்திருந்தால் மோட்டார் சுற்றாது. இதை வாசிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று: பட்டன் ஸ்டார்ட் கார்களில் வயரை வெட்டினால் கோளாறு விளக்கு எரியலாம், அந்த மாடலைத் தெரிந்தவரிடம் கொடுங்கள். டொயோட்டா ஹைபிரிட் போன்றவற்றிலும் மின்கார்களிலும் வழக்கமான ஸ்டார்ட்டரே கிடையாது, ஆரஞ்சு நிற வயரில் உயர் மின்னழுத்தம் இருக்கும். அவற்றுக்கு ஸ்டீயரிங் பட்டன்களில் ரகசிய எண் அழுத்தினால்தான் காரைக் கிளம்ப விடும் டிஜிட்டல் இம்மொபிலைசர்தான் பொருத்தம்.

சுவிட்ச் இருந்தாலும் கயிறு கட்டி இழுத்துப் போகலாம். அதனால் ஜோகூரில் ஸ்டீயரிங் பூட்டையும் கண்ணுக்குத் தெரியும்படி மாட்டுங்கள். யாராவது மிரட்டிச் சாவி கேட்டால் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளோடு இறங்கிவிடுங்கள்.

வேலையைத் தொடங்குமுன், நிலப் போக்குவரத்து ஆணையத்தின் வாகன மாற்ற விதிகளுக்கு இது சரிதானா என்று வொர்க்‌ஷாப்பில் உறுதிசெய்துகொள்ளுங்கள். அப்புறம் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். மலேசியாவில் திருடு போனால் பாலிசி எந்த அளவுக்குக் கொடுக்கும் என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடலாம். 10 ஆண்டு தாண்டிய கார் என்பதால் ஆண்டுக்கொரு முறை பரிசோதனைக்குப் போக வேண்டும். அன்றைக்கு சுவிட்சைப் போட்ட நிலையில் விட்டுவிட்டுச் சாவியைக் கொடுங்கள், இடத்தை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. ரீட் சுவிட்சாக இருந்தால் காந்தத்தை அங்கேயே ஒட்டிவைக்கும்படி முதலிலேயே அமைத்துக்கொள்ளுங்கள்.