ஜீப் ஏறும் அம்மா, தூங்காத மகன்

கேள்வி: என் மகனுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு படிக்கிறான். கொரோனா காலத்தில் பாடம் கேட்க வாங்கிய போனில் இரவு இரண்டு மணி வரை விளையாடுகிறான். நான் கம்பத்திலிருந்து விடியுமுன் ஜீப் ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறேன், திரும்பும்போது இருட்டிவிடுகிறது. வாசலில் கால் வைத்ததும் "இன்னுமா போன்?" என்றுதான் வாயில் வருகிறது. கணவர் கோட்டயத்தில் ஓட்டல் வேலை, மாதம் ஒருமுறை வருவார். போனமுறை கோபத்தில் அந்தப் போனைச் சுவரில் அடித்து உடைத்துவிட்டார். பையன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. இப்போது நண்பனின் பழைய போனை வாங்கிவந்து முன்னைவிட அதிகமாகப் பார்க்கிறான். நான் வேலைக்குப் போவதால்தான் பிள்ளை கெட்டான் என்கிறார் மாமியார். உண்மையா?
- பெயர் வேண்டாம், கம்பம்

பதில்: சகோதரி, உண்மையில்லை. கம்பம்மெட்டும் போடிமெட்டும் ஏறி இடுக்கி ஏலக்காடுகளுக்குப் போகும் பெண்களின் கூலியில்தான் உங்கள் பகுதியில் எத்தனையோ பிள்ளைகள் படிக்கிறார்கள். அந்தக் கூலியைக் குற்றமாக்க யாருக்கும் உரிமை இல்லை. உங்கள் மாமியாருக்கும் பேரன் மேல் கவலைதான். அந்தக் கவலை உங்கள் தலையில் வந்து விழுகிறது.

ஆனாலும் வீட்டுக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. வளரிளம் பருவத்தினரின் இணையப் பழக்கம் பற்றிப் பல நாடுகளில் ஆராய்ந்திருக்கிறார்கள். பெற்றோரிடம் மனம்விட்டுப் பேச முடிகிற பிள்ளைகளிடம் இந்தச் சிக்கல் குறைவாகவும், சண்டையும் ஏச்சும் மிகுந்த வீடுகளில் அதிகமாகவும் காணப்படுகிறது. எது முதலில் வந்தது என்று பிரிப்பது கடினம். வீட்டில் ஏச்சு கேட்ட பிள்ளை போனுக்குள் போகிறான். போனுக்குள் போனதால் இன்னும் ஏச்சு விழுகிறது. இந்தச் சுற்றை முதலில் நிறுத்த வேண்டியவர்கள் பெரியவர்கள்தான். 15 வயதில் ஆசையை அடக்கும் திறன் இன்னும் முற்றவில்லை. மூளையில் அந்தப் பகுதி முழுமையாக வளர இருபதுகளின் நடுப்பகுதி வரை ஆகும்.

"இன்னுமா போன்?" என்ற அந்தக் கேள்வியைப் பற்றித்தான் அதிகம் யோசித்தேன். பகல் முழுக்க உங்களைப் பார்க்காத பிள்ளை உங்களிடமிருந்து கேட்கும் முதல் வார்த்தை அது. நாளையிலிருந்து அதை விட்டுவிடுங்கள். மலையில் இன்று மழையா, அட்டை கடித்ததா, ஜீப்பில் எத்தனை பேர் நெருக்கி உட்கார்ந்தீர்கள் என்று உங்கள் நாளை அவனிடம் சொல்லுங்கள். பிள்ளைகளிடம் நாம் கேள்வி கேட்கிறோமே தவிர, நாம் படும் பாட்டை அவர்களிடம் சொல்வதில்லை. முதல் வாரம் அவன் தலை நிமிராமலே கேட்பான். அது போதும்.

அவன் ஆடும் ஆட்டத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். இந்த வயதுப் பையன்கள் ஆடும் பல ஆட்டங்களில் நான்கு பேர் ஒரு குழு. ஓர் ஆட்டம் அரை மணி நேரம்கூட ஓடும். நடுவில் எழுந்தால் மற்ற மூவரையும் கைவிட்டதாகிவிடும். "சாப்பிட வா" என்றால் "அஞ்சு நிமிஷம்" என்று அவன் எரிந்துவிழுவது பெரும்பாலும் அதனால்தான். ஓர் ஆட்டம் எவ்வளவு நேரம் என்று அவனிடமே கேளுங்கள். அடுத்தது தொடங்குமுன் சோற்றுக்குக் கூப்பிடுங்கள். இந்தச் சின்ன மாற்றத்திலேயே பாதிச் சண்டை குறையும். காசு கட்டி ஆடுகிறானா என்பதையும் அப்போதே மெதுவாகக் கேட்டுவிடுங்கள். அப்படி இருந்தால், அடிக்குப் பயந்து மறைக்காமல் உங்களிடம் சொல்லும் தைரியம் அவனுக்கு வர வேண்டும்.

உங்கள் கணவர் செய்தது தவறு. அதை நான் சுற்றி வளைத்துச் சொல்லப்போவதில்லை. போன் உடைந்தது, பழக்கம் உடையவில்லை. அது நண்பன் வீட்டு வழியாக, உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் திரும்பி வந்துவிட்டது. ஒரு நாடே இப்படிப் பூட்டிப் பார்த்திருக்கிறது. தென்கொரியாவில் 2011 முதல், நள்ளிரவிலிருந்து காலை ஆறு மணி வரை 16 வயதுக்குட்பட்டவர்கள் இணைய விளையாட்டு ஆடக் கூடாது என்று சட்டம் இருந்தது. பிள்ளைகள் பெரியவர்களின் அடையாள எண்ணில் நுழைந்து ஆடினார்கள். 2022 தொடக்கத்தில் அந்தச் சட்டம் விலக்கப்பட்டது; நேரத்தைப் பெற்றோரும் பிள்ளையும் தீர்மானித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

ஆகவே நேரத்தை அவனோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். பகலில் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள், இரவில் விட்டுக்கொடுக்காதீர்கள். இந்த வயதுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். இரவு பத்து மணிக்கு வீட்டிலுள்ள எல்லாப் போன்களும் சமையலறை அலமாரிக்குப் போகட்டும். எல்லாம் என்றால் உங்களுடையதும், மாமியார் சீரியல் பார்க்கும் போனும் சேர்த்துத்தான். விடியுமுன் எழ அலாரம் வேண்டுமே என்பீர்கள். ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிவிடுங்கள். பாட்டி தன் போனைத் தானே கொண்டுபோய் வைத்தால், பேரனிடம் அது உங்கள் பேச்சைவிட நன்றாக எடுபடும்.

அவனை 'அடிமை' என்று யாரும் கூப்பிட வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற நோய்ப் பட்டியலில் வீடியோ விளையாட்டுக் கோளாறு இருக்கிறது. ஆனால் அதிக நேரம் ஆடுவது மட்டும் அந்த நோய் ஆகாது. நிறுத்தவே முடியாமை, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக ஆட்டமே முக்கியமாதல், கெடுதல் தெரிந்தும் தொடர்தல் ஆகியவை பொதுவாக ஓராண்டுக்காவது நீடிக்க வேண்டும். பள்ளிக்கே போக மறுத்தாலோ, உயிரை வெறுத்துப் பேசினாலோ ஒரு நாளும் காத்திருக்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண்) எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மனநலப் பிரிவுக்கும் அழைத்துப்போகலாம்.

இனி அப்பா. உடைந்துபோன அந்தப் போனில் அவர் குரலும் கோட்டயத்திலிருந்து மகனுக்கு வந்திருக்கும். இன்றிரவு அவர் கூப்பிட்டால், "அன்றைக்கு நான் செய்தது தப்பு" என்று மகனிடம் நேரடியாகச் சொல்லச் சொல்லுங்கள். அறிவுரை எதையும் அதோடு சேர்க்க வேண்டாம். பிறகு வாரம் இரண்டு முறையாவது உங்களைக் கேட்காமல் அவனைக் கேட்டுக் கூப்பிடட்டும். ஓட்டலில் இன்று எத்தனை பரோட்டா அடித்தார் என்பது போதும், பேச்சைத் தொடங்க.