பாலக்காட்டில் இருக்கை எடுக்கும் முன்

கம்பெனிக்கு ஜிஎஸ்டி பதிவு கோவையில், வேலை பார்க்கும் 4 பேரும் கேரள எல்லைக்குள் கொழிஞ்சாம்பாறை பக்கம், பாலக்காட்டில் கோவொர்க்கிங் இடம் (பல கம்பெனிகள் பகிர்ந்துகொள்ளும் வாடகை அலுவலகம்) எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக எடுங்கள், தினமும் வேலந்தாவளம் எல்லையைத் தாண்டும் அலைச்சல் பாவம் அவர்களுக்கு எதற்கு?

ஆனால் கட்டடம் கேரளத்தில் இருப்பதால் வாடகையோடு வரும் 18% வரி அந்த மாநிலக் கணக்கில்தான் சேரும், தமிழ்நாட்டுப் பதிவில் நீங்கள் கட்டும் ஜிஎஸ்டியில் அதைக் கழிக்க முடியாது, ஆகவே அதையும் செலவாகவே போட்டுப் பாருங்கள். கேரளத்தில் தனிப் பதிவு வேண்டுமா என்பதை ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

அப்புறம், நடத்துபவருக்குக் கட்டட உரிமையாளரோடு எத்தனை வருட ஒப்பந்தம்? நீண்ட குத்தகைக்கு எடுத்து மாதக்கணக்கில் விடுகிற தொழில் இது, ஆள் குறைந்தால் தாங்காது. 2010ல் தொடங்கிய பெரிய கோவொர்க்கிங் நிறுவனமான வீவொர்க்கே 2023ல் அமெரிக்காவில் திவால் மனு போட்டது. 2 மாத முன்பணத்துக்கு மேல் கொடுக்காதீர்கள்.