கைக்குழந்தையோடு தீம் பார்க்: கேளுங்கள், சொல்கிறேன்

தண்டையார்பேட்டையில் பதினெட்டு வருடமாக எல்.கே.ஜி. பிள்ளைகளோடு இருக்கிறேன். பள்ளிச் சுற்றுலா, வீட்டுப் பிள்ளைகள் என்று தீம் பார்க்குகளுக்குப் பலமுறை போயிருக்கிறேன். லீவு நெருங்குவதால் நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

எர்ணாவூர்: மிஸ், திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் புதிதாக வந்த வொண்டர்லா தீம் பார்க்குக்கு மூன்று வயது மகனைக் கூட்டிப் போகலாமா?

போகலாம். ஆனால் முதலில் சுவரில் நிறுத்தி உயரத்தை அளந்துவிடுங்கள். அங்கே குழந்தைக்கு டிக்கெட் வயதைப் பார்த்து இல்லை, உயரத்தைப் பார்த்துத்தான். பெரிய ரைடுகளுக்குப் பெரும்பாலும் 120, 140 செ.மீ. என்று வரம்பு வைத்திருப்பார்கள். மூன்று வயதுப் பிள்ளை 95 செ.மீ. வாக்கில்தான் இருக்கும். வீட்டில் ஆசை காட்டிவிட்டு, அங்கே அளவுகோல் முன்னால் நிறுத்தி "நீ வேண்டாம்" என்று சொன்னால் அந்தப் பிஞ்சு முகம் என்ன ஆகும்? சின்னப் பிள்ளைகள் பகுதியைத்தான் காட்டுவேன் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளைத் தாண்டி, ஊரின் இந்த முனையிலிருந்து திருப்போரூர் வரை போக இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. அதனால் விடியற்காலையிலேயே கிளம்புங்கள். வண்டியில் தூங்கட்டும், இட்லியை அங்கே போய் ஊட்டலாம். மதியம் இரண்டு மணிக்கு வெளியே வந்துவிடுங்கள். "டிக்கெட் போட்டோமே, சாயங்காலம் வரை இருப்போம்" என்பவர்களின் பிள்ளைதான் நாலு மணிக்குத் தரையில் புரண்டு அழுகிறது. அது அடம் இல்லை, தூக்கம்.

தண்ணீரில் இறங்க நைலான் துணி எடுங்கள், பருத்தியை அனுமதிக்க மாட்டார்கள். சாதாரண பேம்பர்ஸ் தண்ணீரை உறிஞ்சி ஊதிவிடும், நீச்சலுக்கென்று தனி டயப்பர் இருக்கிறது. முழங்கால் அளவுத் தண்ணீர்தானே என்று கையெட்டும் தூரத்தை விட்டு நகராதீர்கள்.

கொருக்குப்பேட்டை: இரண்டு வயதுக்கு ரைடு உண்டா?

சின்ன ராட்டினம், குட்டி ரயில் இருக்கும். உயரத்தை அளந்துகொள்ளுங்கள்.

ராயபுரம்: பொண்ணுக்கு 20 மாதம். ஹாங்காங் டிஸ்னிலேண்ட் போகிறோம். செலவை எங்கே குறைக்கலாம்?

மூன்று வயதுக்குள் அங்கே நுழைவு இலவசம். விமானத்தில் இரண்டு வயதுக்குள் இருந்தால் மடியில் வைத்துக்கொள்ளலாம், முழு டிக்கெட் வேண்டாம். திரும்பி வரும் தேதிக்குள் இரண்டு முடிந்துவிட்டால் தனி சீட் எடுக்க வேண்டும், பிறந்தநாளைப் பார்த்துத் தேதி போடுங்கள். ஜூலை, ஆகஸ்டில் அங்கே வெயில், புழுக்கம், புயல் எல்லாம் உண்டு. டிசம்பர், ஜனவரி இதமாக இருக்கும். பெரிய ரைடுக்கு அப்பாவும் அம்மாவும் மாறி மாறிப் போகலாம், குழந்தையோடு ஒருவர் வெளியே இருந்தால் போதும். மறுபடி முழு வரிசையில் நிற்காமல் மாறிக்கொள்ளும் ஏற்பாடு உண்டு, வாசலில் உள்ள ஊழியரிடம் கேளுங்கள்.

மணலி: மகனுக்குப் போன மாதம் ஜுரத்தில் வலிப்பு வந்தது. போகலாமா?

இதை என்னிடம் கேட்கக் கூடாதும்மா. பார்த்த டாக்டரிடமே கேளுங்கள்.

கொடுங்கையூர்: ஒன்றரை வயதுக்கு ரைடு உண்டா மிஸ்?

மேலே சொல்லிவிட்டேன். உயரம், உயரம், உயரம். ஒன்றரை வயதுக்கு இவ்வளவு தூரமே வேண்டாம், பெரம்பூர் முரசொலி மாறன் பூங்கா போதும். சத்தமும் கூட்டமும் ஒத்துக்கொள்ளுமா என்று பார்க்க, தீவுத்திடல் பொருட்காட்சி நடக்கும்போது ஒரு மணி நேரம் கூட்டிப் போய்ப் பாருங்கள்.

புது வண்ணாரப்பேட்டை: மாமியாரும் வருகிறார். கைக்குழந்தையையும் பைகளையும் அவர் பார்த்துக்கொண்டால் நாங்கள் பெரியவனோடு சுற்றலாம் அல்லவா?

எனக்குக் கோபம் வரும் இடம் இதுதான். ஒருமுறை நானே என் அம்மாவைக் கல் பெஞ்சில் பைகளோடு உட்காரவைத்துவிட்டுப் போனேன். திரும்பி வர மூன்று மணி நேரம். பையை விட்டுப் போக முடியாமல், பாத்ரூம்கூடப் போகாமல் அதே இடத்தில் இருந்தார். இன்றைக்கும் நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது. பைக்கு லாக்கர் எடுங்கள். அம்மாவைக் காவல் வைக்காதீர்கள்.

பெரம்பூரிலிருந்து ஒரு தம்பி: மிஸ், பாட்டிகளுக்குப் பேரப்பிள்ளையோடு இருப்பதுதானே சந்தோஷம்? எங்கள் அம்மா அவராகவேதான் உட்கார்கிறார்.

அவராகவே உட்கார்கிறாரா, வேறு வழியில்லாமல் உட்கார்கிறாரா? "குட்டி ரயிலில் ஏறலாம் வாம்மா" என்று ஒருமுறையாவது கூப்பிட்டீர்களா தம்பி?

காசிமேடு: எல்லாரும் சுற்றினால் குழந்தையை யார் பார்ப்பது?

ஒரு மணி நேரத்துக்கு ஒருத்தர், மாறி மாறி. அப்பாவும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வியாசர்பாடி: நான் ஒரு பாட்டிதான் டீச்சரம்மா. பேத்தியைப் பார்த்துக்கொள்ள எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை. ஆனால் போன தடவை அந்த அலை அடிக்கிற குளத்தில் காலை நனைக்க ஆசையாக இருந்தது. கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு வந்துவிட்டேன். புடவையோடு விடுவார்களா?

புடவையோடு விட மாட்டார்கள் அம்மா. முழுக்கை நைலான் சட்டையும் பேன்ட்டும் பார்க்கிலேயே விற்பார்கள், உங்கள் அளவிலும் கிடைக்கும். காலையிலேயே மகனிடம் சொல்லி வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். தரை வழுக்கும், பேத்தி கையை நீங்கள் பிடியுங்கள், உங்கள் கையை மகன் பிடிக்கட்டும். அலை ஓரத்தில் உட்கார்ந்தாலே இடுப்பு வரை நனையலாம்.