அடைப்புக்குறிக்குள் நின்ற பிள்ளை

கேள்வி: அன்புள்ள அக்கா, நான் பல்கலைக்கழகத்தில் மனிதப் புவியியல் படிப்பிக்கிறேன். சொந்த ஊர் கிளிநொச்சிப் பக்கம் வட்டக்கச்சி. இடமும் அதிகாரமும், சமத்துவமின்மை எல்லாம் என் பாடத்தில்தான் வருகின்றன. பிள்ளைகள் வாய் திறப்பதில்லை. 'மிஸ், இது சோதனைக்கு வருமா' என்பதைத் தவிர வேறு கேள்வி இல்லை. வகுப்பில் அரசியல் கதைக்கிறேன் என்று யாரோ துறைத்தலைவரிடம் சொல்லியும் விட்டார்கள். போன மாதம் இரணைமடுக் குளத்து வாய்க்கால்களைக் காட்டக் கூட்டிவந்து, எங்கள் வயலையே உதாரணமாக வைத்து, யாருக்குக் காணி, யாருக்குத் தண்ணீர் என்று விளக்கினேன். மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான், அம்மா சமைத்தார். (எங்கள் வயல் பார்க்கிறவரின் மகளும் இதே வகுப்புத்தான். 77இல் மலையகத்திலிருந்து வந்த ஆட்கள், தாத்தா காலத்திலிருந்து எங்கள் பின்வளவில்தான் இருக்கிறார்கள். அவள் அம்மாவுக்கு உதவியாகக் குசினியில் நின்றாள்.) அங்கேயும் ஒருவரும் கதைக்கவில்லை. பேசாமல் இந்தப் பாடத்தை விட்டுவிட்டு கணினியில் வரைபடம் போடுகிற ஜீ.ஐ.எஸ். பக்கம் போய்விடவா?

பதில்: தங்கச்சி, துறைத்தலைவர் கதையை விடுங்கள். போய்ச் சொல்லுகிற ஆள் எல்லா இடத்திலும் இருக்கிறது. பாடத்திட்டத்தை அவர் மேசையில் வைத்து, இதில் இருப்பதைத்தான் படிப்பிக்கிறேன் என்றால் முடிகிற வேலை அது. உங்கள் கடிதத்தை நான் மூன்றுதரம் வாசித்தேன். மூன்றுதரமும் அந்த அடைப்புக்குறியில் போய்த்தான் இடறினேன்.

காலையில் நீங்கள் வாய்க்கால் கட்டில் நின்று யாருக்குக் காணி, யாருக்குத் தண்ணீர் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் கையில் கொப்பியும் பேனையும் இருந்திருக்கும். மத்தியானம் அதே கையில் சொதிச் சட்டி. நடுவில் என்ன நடந்தது? யாராவது கூப்பிட்டார்களா, இல்லை, இந்த வளவுக்குள் கால் வைத்தால் தன் இடம் எது என்று கூப்பிடாமலே அவளுக்குத் தெரிந்ததா? கூப்பிடாமலே போயிருந்தால் அதுதான் இன்னும் மோசம். அவள் எப்போது சாப்பிட்டாள், எங்கே இருந்து சாப்பிட்டாள்? நீங்கள் எழுதவில்லை. கவனித்திருக்கவும் மாட்டீர்கள்.

'எங்கட வீட்டுப் பிள்ளை மாதிரித்தான்' என்று உங்கள் அம்மா சொல்வார், தெரியும். நானும் சொன்ன ஆள்தான். எங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை நின்றாள், அவளுக்கென்று பிடி உடைந்த ஒரு கோப்பை இருந்தது, பல வருசம் பள்ளிக்கூடத்தில் சமூகக்கல்வி படிப்பித்த எனக்கு அது கண்ணில் படவே இல்லை. வீட்டுப் பிள்ளை மாதிரி என்றால் நீங்களுமல்லவா குசினிக்குள் நின்றிருக்க வேண்டும்?

மற்றப் பிள்ளைகள் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்கிறீர்கள். அவர்களுக்குக் கண் இல்லையா? தங்களோடு ஒரே வாங்கில் இருக்கிற ஒருத்தி சோறு போட, தாங்கள் இருந்து சாப்பிட்டதைப் பார்த்த பிள்ளைகளிடம் 'சமத்துவமின்மை பற்றிக் கதைப்போம்' என்றால் என்னத்தைக் கதைப்பது?

அதோடு இவை வன்னிப் பிள்ளைகள். 2009இல், போரின் கடைசியில், ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில் மூன்றுதரம் 'பாதுகாப்பு வலயம்' என்று வரைபடத்தில் கோடு கீறினார்கள். அந்தக் கோட்டை நம்பி, கையில் ஒன்று இடுப்பில் ஒன்று என்று தூக்கிக்கொண்டு போன தாய்மாரின் பிள்ளைகள்தான் இன்றைக்கு உங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். பிறகு மெனிக் பாம் அகதி முகாமின் முள்ளுக்கம்பி. 2017இல் கேப்பாப்புலவுச் சனம் தங்கள் காணியை விடச் சொல்லி இராணுவ முகாம் வாசலில் மாதக்கணக்காக இருந்ததும் அவர்களுக்குத் தெரியும். கோடு கீறுகிறவன் யார், அந்தக் கோட்டுக்குள் சாகிறவன் யார் என்பது அவர்களுக்கு வீட்டுக்கதை. ஆளைப் பார்த்து, இடத்தைப் பார்த்து வாய் திறக்கப் பழகின வீடுகள் அவை. உங்களையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, பின்வளவுக்கு வருவோம். 1948இல் சட்டம் போட்டுக் குடியுரிமையைப் பறித்தார்கள், 77 கலவரத்தில் அடித்துக் கலைத்தார்கள், கையில் கிடைத்ததோடு வன்னிக்கு வந்த சனம் அது. காடு வெட்டிக் குடியேறினவர்களும் உண்டு, உங்கள் தாத்தாவைப் போல ஒருவரின் வளவு மூலையில் ஒதுங்கினவர்களும் உண்டு. ஒதுங்கினவர்கள் இன்றுவரை ஒதுங்கியபடியே இருக்கிறார்கள், ஏனென்றால் கையில் ஒரு துண்டுக் கடதாசி இல்லை. போருக்குப் பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபா கொடுத்தார்கள், காணிப் பத்திரம் இருந்தவர்களுக்குக் கல்வீடு வந்தது, இல்லாதவர்கள் தகரத்துக்குக் கீழேயே கிடந்தார்கள். உங்கள் வீட்டுக்கு அந்தக் காசு வந்ததா? பின்வளவுக்கு? சிறுபோகக் கூட்டத்தில் குளத்து நீர்மட்டத்தைப் பார்த்து இத்தனை ஏக்கர் என்று முடிவெடுப்பார்களே, அதில் பங்கு காணிக்காரர் பெயரில்தானே விழுகிறது? விடியப்புறம் எழும்பி உங்கள் வயலுக்குத் தண்ணீர் கட்டுகிற மனிதனுக்கு அந்தக் கூட்டத்தில் ஒரு கதிரை உண்டா?

டோரீன் மாசி என்ற பிரித்தானியப் புவியியலாளரை நீங்கள் கட்டாயம் படிப்பித்திருப்பீர்கள். நகருகிறவர் ஒருவர், அந்த நகர்வைக் கையில் வைத்திருக்கிறவர் இன்னொருவர், வேறொருவர் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு கிடக்கிறார் என்று அந்த அம்மா சொன்னது லண்டன் தெருக்களுக்கு மட்டும் என்றா நினைத்தீர்கள்?

எனக்குத் தாய் தகப்பனைச் சபையில் வைத்துக் குறை சொல்லுகிற பிள்ளைகளைப் பிடிக்காது. அதனால் அப்பாவிடம் போய்ப் பாடம் எடுக்க வேண்டாம். ஆனால் தகப்பன் பட்ட கடனைப் பிள்ளை அடைக்க வேண்டும் என்று நம்புகிற ஆள் நான். கடைக்கணக்கும் வங்கிக்கணக்கும் மட்டும்தான் கடனா? தாத்தா 'இருங்கோ' என்று வாயால் சொன்னதை எழுத்தில் போட்டுக்கொடுக்க இத்தனை வருசத்தில் உங்கள் வீட்டில் ஒருவருக்கும் நேரம் வரவில்லை. அப்பா இருக்கும்போதே இதை முடியுங்கள். அரசாங்க அனுமதிப்பத்திரக் காணி என்றால் கைமாற்றவோ பிரிக்கவோ பிரதேச செயலாளரின் எழுத்து மூல அனுமதி வேண்டும், ஒரு நாளில் நடக்காது, பிரிக்க முடியாது என்றும் சொல்லலாம். அப்படிச் சொன்னால் அவர்களுக்கு வேறு காணி கேட்டு அவர்களோடு நீங்களும் அலையுங்கள். படித்த பிள்ளை, படிவம் நிரப்பத் தெரியும். அப்பாவுக்குப் பிறகு, வெளிநாட்டில் இருக்கிற உறவு யாராவது வந்து வளவை விற்கிறோம் என்று நின்றால் அந்தக் குடும்பம் எங்கே போகும்?

வகுப்பைப் பற்றி. அந்தப் பிள்ளையை எழுப்பி 'உமது அனுபவத்தைச் சொல்லும்' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், அதுவும் இன்னொரு பரிமாறல்தான். 1960களின் கடைசியில் டிட்ராயிட் நகரத்தில் வில்லியம் பங்கி என்ற புவியியலாளர் கறுப்பின மக்களின் குடியிருப்புக்குள் போய் வேலை செய்தபோது, குவென்டொலின் வாரன் என்ற, அங்கேயே வசித்த இளம்பெண் அந்த வேலையையே அவரோடு சேர்ந்து தலைமை தாங்கி நடத்தினார். புறநகரிலிருந்து வேலைக்கு வந்துபோகிறவர்களின் கார்கள் கறுப்பினப் பிள்ளைகளை எங்கெங்கே அடித்துப் போட்டன என்று அவர்கள் போட்ட வரைபடத்தை இன்றைக்கும் உலகம் முழுக்கப் படிப்பிக்கிறார்கள். உங்கள் மாணவியும் வரைகிற பக்கம் இருக்க வேண்டியவள்.

ஒவ்வொருவரையும் தங்கள் வளவைக் கீறச் சொல்லுங்கள். கிணறு எங்கே, யார் அள்ளலாம், படலையால் வருகிறவர் யார், வேலிப் பொட்டால் வருகிறவர் யார், காணி யார் பெயரில். பெயர் போடாமல் தரட்டும். முதலாவதாகக் கரும்பலகையில் உங்கள் வளவைக் கீறுங்கள், ஆனால் பின்மூலையைப் பற்றி அவள் தாய் தகப்பனோடு கதைத்து, அவர்கள் சரி என்ற பிறகு.

ஜீ.ஐ.எஸ். பக்கம் போனாலும் தப்ப முடியாது தங்கச்சி. செய்மதிப் படத்தில் அந்தத் தகரக்கூரை தெரியும், நில அளவைப் படத்தில் அது இராது, இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று போடுவதுதானே அங்கே வேலை?

இந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போனால் அப்பாவையும் கூட்டிக்கொண்டு பின்வளவுக்குப் போங்கள். குசினி வாசலில் நின்று கூப்பிட வேண்டாம், அவர்கள் முற்றத்துக்கு நடந்து போங்கள். தேத்தண்ணி தருவார்கள். இருந்து குடித்துவிட்டுக் கதையைத் தொடங்குங்கள்.