பல்கலைக்கழகக் கட்டடங்களுக்கு என்ன பெயர் என்பதை யார், எப்படி முடிவு செய்கிறார்கள்?

வளாகத்தில் ஒரு கட்டடத்துக்கோ மைதானத்துக்கோ யார் பெயர் வைக்கிறார்கள், பணம் கொடுத்தால் போதுமா, ஒருமுறை வைத்த பெயரை எடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்தபோது, இந்த வேலைக்கென்றே இருந்த குழுவுக்கு இரண்டு செமஸ்டர் மினிட்ஸ், அதாவது கூட்டக் குறிப்பு, எழுதினேன். வாரம் பத்து மணி நேர வேலை, மளிகைச் செலவுக்கு ஆனது. அங்கே பார்த்ததையும், அந்த ஆர்வத்தில் பிறகு தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

பெயர் இரண்டு வழியில் வரும். ஒன்று நன்கொடை, இன்னொன்று மரியாதை.

நன்கொடை வழியில், கட்டடம் வரைபடமாக இருக்கும்போதே ஒரு விலைப்பட்டியல் தயாராகிவிடும். முழுக் கட்டடத்துக்கு இவ்வளவு, முகப்புக் கூடத்துக்கு இவ்வளவு, ஆய்வகத்துக்கு, வகுப்பறைக்கு, வாசலில் போடும் பெஞ்சுக்கு என்று வரிசையாக இருக்கும். கட்டடத்தின் பெயர் வேண்டுமென்றால் கட்டுமானச் செலவில் பாதியாவது தர வேண்டும் என்பது பல இடங்களில் வழக்கம். ஆள் கிடைக்கும்வரை 'வடக்கு அறிவியல் கட்டடம்' மாதிரி ஒரு பொதுப்பெயரில் ஓடும். புத்தம்புதுக் கட்டடம் ஒன்று திசைப் பெயரோடு நின்றால், பெரும்பாலும் அதற்கு இன்னும் நன்கொடையாளர் அமையவில்லை என்று அர்த்தம்.

ஆள் அமைந்ததும் பின்னணி விசாரிப்பார்கள். வழக்கு ஏதாவது உண்டா, பணம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பார்கள். பிறகு ஒப்பந்தம். தொகை பெரும்பாலும் சில ஆண்டுத் தவணையில் வரும், அதனால் எத்தனை தவணை கட்டியபின் பெயர்ப்பலகை ஏறும் என்பதுகூட எழுதப்படும். கட்டடத்தை இடித்தால் பெயரும் போகுமா, அடுத்த கட்டடத்துக்கு மாறுமா, நன்கொடையாளர் குற்றத்தில் சிக்கினால் என்ன செய்வது, இவையெல்லாம் அதிலேயே வந்துவிட வேண்டும். பெயர்க்குழு பார்த்துப் பரிந்துரைக்கும், பல்கலைக்கழகத் தலைவர் ஒப்புக்கொள்வார், கடைசிக் கையெழுத்து அறங்காவலர் குழுவுடையது. பெரிய தொகை என்றால், குழுவுக்கு வரும்போதே விஷயம் முக்கால்வாசி முடிந்திருக்கும்.

சின்ன விஷயங்களில்தான் குழு உட்கார்ந்து பேசும். ஒருநாள் தீயணைப்புத் துறையிலிருந்து ஒருவர் வந்திருந்தார். புதிய விடுதிக்குச் சொல்லியிருந்த பெயரும், வளாகத்தின் மறுகோடியில் இருந்த ஒரு பழைய ஹாலின் பெயரும் போனில் கேட்டால் ஒரே மாதிரி இருக்கும் என்றார். இரண்டு பெயரையும் மாற்றி மாற்றி வேகமாகச் சொல்லிக் காட்டினார். நடுராத்திரி புகை நடுவில் ஒரு பிள்ளை அழைத்தால் வண்டி எங்கே போகும் என்று கேட்டார். யாரும் பதில் பேசவில்லை. குடும்பப் பெயரோடு முதற்பெயரையும் சேர்த்து வைப்பது என்று முடிவானது. நான் எழுதிய மினிட்ஸிலேயே பெருமைப்படத்தக்க பக்கம் அதுதான்.

மரியாதை வழியில் பணம் கிடையாது. பெரிய பேராசிரியர், முன்னாள் தலைவர், சாதித்த பழைய மாணவர் என்று வரும். பணியில் இருப்பவர்களுக்கு வைப்பதில்லை, ஓய்வுபெற்றோ இறந்தோ சில ஆண்டுகள் போகட்டும் என்று பல பல்கலைக்கழகங்கள் விதி வைத்திருக்கின்றன. நியாயமான விதி. ஆனால் என் மனதில் முள்ளாக நிற்கும் சம்பவம் இந்த வழியில்தான் நடந்தது.

வேதியியல் துறையில் ஸ்டோர் பார்த்துக்கொண்ட ஒரு பெரியவர் ஓய்வுபெற்று மூன்று வருடம் ஆகியிருந்தது. முப்பது வருடத்துக்கு மேல் அங்கே கண்ணாடிக் குடுவையும் அமில பாட்டிலும் எடுத்துக் கொடுத்தவர். முதலாண்டு ஆய்வகத்துக்கு அவர் பெயரை வைக்கச் சொல்லி மாணவர்களும் பழைய மாணவர்களும் மனு கொடுத்தார்கள். மனுவோடு கடிதங்கள் இருந்தன. கையில் அமிலம் பட்டபோது தண்ணீர்க் குழாயடிக்கு இழுத்துப் போய்ப் பதினைந்து நிமிடம் கையைப் பிடித்துக்கொண்டே நின்றார் என்று ஒரு பெண் எழுதியிருந்தார். குழு படித்தது, நல்ல மனிதர் என்றது, அந்த ஆய்வகம் விலைப்பட்டியலில் இருக்கிறது என்றது. நான் அந்தக் கடிதத்தின் சாரத்தை மினிட்ஸில் எழுதியிருந்தேன். அதை எடுத்துவிடச் சொன்னார்கள். 'மாணவர் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டது, ஏற்கப்படவில்லை' என்ற ஒரே வரி மிஞ்சியது. எடுத்தது நான்தான். எழுதியபடி இருக்கட்டும் என்று சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

ஒரு பெயர் ஏன் வந்தது, ஏன் வரவில்லை என்ற காரணம் காகிதத்தில் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பது எனக்கு அப்போது தெரியாது. யேல் பல்கலைக்கழக விவகாரத்தைப் படித்தபோதுதான் புரிந்தது.

யேல் என்பதே ஒரு நன்கொடைப் பெயர், அதன் வேர் நம் சென்னையில் இருக்கிறது. எலிஹு யேல் கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியராக வந்து, 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டைக்குத் தலைவராக இருந்தவர். ஊழல் புகாரில் பதவி போனது. சேர்த்த செல்வம் போகவில்லை. அவர் கோட்டையில் இருந்த காலத்தில் சென்னையிலிருந்து மனிதர்களை அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். 1718இல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் பணமில்லாமல் தவித்த ஒரு சிறு கல்லூரிக்கு அவர் ஒன்பது பொதி சரக்கும், 417 புத்தகங்களும், முதலாம் ஜார்ஜ் மன்னரின் படமும் அனுப்பினார். சரக்கை விற்றதில் சுமார் 560 பவுண்டு கிடைத்தது. கல்லூரிக்கு அவர் பெயர் வந்தது. கொஞ்சம் உதவினால் கல்லூரி உங்கள் பெயரைத் தாங்கும் என்று பாஸ்டன் பாதிரியார் காட்டன் மேதர் அவருக்கு முன்பே கடிதம் எழுதியிருந்தார். இன்றைய நன்கொடைப் பிரிவுகள் எழுதும் கடிதத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

அந்த யேலில் 1933இல் திறந்த மாணவர் இல்லம் ஒன்றுக்குக் கால்ஹூன் காலேஜ் என்று பெயர். ஜான் கால்ஹூன் 1804இல் அங்கே பட்டம் பெற்றவர், அமெரிக்கத் துணை ஜனாதிபதியாக இருந்தவர். அடிமைமுறை ஒரு நன்மை என்றே 1837இல் செனட்டில் எழுந்து வாதாடியவர். 2015இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் கறுப்பின மக்கள் சுட்டுக் கொல்லப்பட்டபின், இந்தப் பெயரை எடுங்கள் என்ற குரல் பலமானது. 2016 ஏப்ரலில் தலைவர் பீட்டர் சலோவே, பெயர் இருக்கட்டும், வரலாற்றை அழிக்க வேண்டாம் என்று அறிவித்தார். புதிதாகக் கட்டிய இரண்டு இல்லங்களுக்கும் அதே அறிவிப்பில் பெயர் வந்தது. ஒன்று பாலி மரே, யேலில் சட்டம் படித்த கறுப்பினப் போராளி. இன்னொன்று பெஞ்சமின் பிராங்க்ளின். அந்த இல்லங்களுக்காக 25 கோடி டாலர் தந்தவர் மனதில் வைத்துப் போற்றியவர் பிராங்க்ளின். நன்கொடையாளர் தன் பெயரைத்தான் கேட்பார் என்பதில்லை.

அந்த ஜூனில் ஒன்று நடந்தது. கால்ஹூன் இல்லத்தின் உணவுக்கூடத்தில் வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் இருந்தன. ஒன்றில் ஓர் ஆணும் பெண்ணும் தலையில் பருத்தியைச் சுமந்து நிற்கும் படம், அடிமைகள். அங்கே வேலை செய்த ஒரு கறுப்பின ஊழியர் துடைப்பக் கழியால் அந்தக் கண்ணாடியை உடைத்தார். கைது செய்தார்கள். வேலையை விட்டார். ஊர் கொதித்ததும் வழக்கு கைவிடப்பட்டது, வேலைக்கும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். உடைத்தது சரியா தப்பா என்று நிறையப் பேர் பேசினார்கள். நான் நினைப்பது வேறு. எந்தக் குழுவிலும் அவருக்கு நாற்காலி இல்லை. தினமும் அந்தப் படத்துக்குக் கீழே வேலை செய்தவர் அவர்.

ஆகஸ்டில் சலோவே ஒரு குழு போட்டார். சட்டப் பேராசிரியர் ஜான் விட் தலைவர். ஒரு பெயரை எடுப்பதா என்று அந்தக் குழு தீர்ப்புச் சொல்லவில்லை, எந்தப் பெயர் வந்தாலும் கேட்க வேண்டிய கேள்விகளை வகுத்துக் கொடுத்தது. பெயரை மாற்றாமலிருப்பதே இயல்பு, மாற்றம் அரிதாகத்தான் நடக்க வேண்டும் என்பது தொடக்கம். பிறகு, அந்த மனிதரின் முதன்மையான அடையாளம் எது, அது பல்கலைக்கழகத்தின் நோக்கத்துக்கு எதிரானதா? அவர் காலத்திலேயே அதை எதிர்த்தவர்கள் உண்டா? பல்கலைக்கழகம் அன்று எந்தக் காரணத்துக்காக அவரைக் கௌரவித்தது? அந்தக் கட்டடம் மாணவர்களை ஒரு சமூகமாக உருவாக்குவதில் எவ்வளவு பங்கு வகிக்கிறது?

கடைசிக் கேள்வியை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் சுலபமாகக் கடந்துவிடுவார்கள். யேலில் எந்த இல்லம் என்று மாணவர் தேர்ந்தெடுப்பதில்லை, ஒதுக்குவார்கள். சாப்பாடு, தூக்கம், நட்பு எல்லாம் அதற்குள். பட்டம் வாங்கிப் போனபின்பும் 'நான் இந்த இல்லம்' என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். தன் முன்னோரை அடிமையாக வைத்திருப்பதே நல்லது என்றவரின் பெயரை ஒரு கறுப்பின மாணவி தன் அடையாளமாகச் சொல்ல வேண்டியிருந்தது. கார் நிறுத்தும் இடத்தின் பெயரும் இதுவும் ஒன்றல்ல.

2017 பிப்ரவரியில், அந்தக் கேள்விகளை வைத்துப் பார்த்து, யேலின் அறங்காவலர்கள் பெயரை மாற்றினார்கள். இப்போது அது கிரேஸ் ஹாப்பர் காலேஜ். ஹாப்பர் 1934இல் யேலில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர், கணினி மொழிகளுக்கு அடித்தளமிட்டவர்களில் ஒருவர், கடற்படையில் ரியர் அட்மிரலாக ஓய்வுபெற்றவர். பத்து மாதத்தில் 'மாட்டேன்' என்பது 'சரி' ஆனதற்கு முக்கியக் காரணம், கேள்விகளை முதலில் எழுதிக்கொண்டதுதான் என்று நினைக்கிறேன். கேள்வி எழுத்தில் இருந்தால் பதிலையும் எழுத்தில் தேட வேண்டும். அன்று ஏன் வைத்தார்கள் என்று பழைய காகிதங்களைப் புரட்ட வேண்டும். அங்கே 'பரிசீலிக்கப்பட்டது, ஏற்கப்பட்டது' என்று ஒரு வரி மட்டும் இருந்தால் யாரும் என்ன செய்ய முடியும்?

பெயரை எடுக்க முடியுமா என்ற உங்கள் கேள்விக்கு நீதிமன்றங்களும் பதில் சொல்லியிருக்கின்றன. டென்னஸியில் ஒரு பெண்கள் சங்கம் 1933இல் 50,000 டாலர் கொடுத்து, உள்நாட்டுப் போரில் பிரிந்து நின்ற தென் மாநிலங்களின் கூட்டமைப்பு நினைவாக ஒரு கல்லூரி விடுதிக்குப் பெயர் வாங்கியது. அந்தக் கல்லூரி பின்னால் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. வாண்டர்பில்ட் 2002இல் பெயரை மாற்றப் பார்த்தபோது சங்கம் வழக்குப் போட்டது. பெயரை எடுக்க வேண்டுமானால் அந்தப் பணத்தின் இன்றைய மதிப்பைத் திருப்பிக் கொடுங்கள் என்று 2005இல் தீர்ப்பு. 2016இல் 12 லட்சம் டாலர் திருப்பிக் கொடுத்து, கல்லில் இருந்த 'கூட்டமைப்பு' என்ற ஒரு சொல்லை எடுத்தார்கள்.

நியூயார்க் மாநிலத்தில் பால் ஸ்மித்ஸ் கல்லூரி என்று சின்னக் கல்லூரி ஒன்று உண்டு. 2 கோடி டாலர் தருகிறோம், கல்லூரிப் பெயரோடு எங்கள் பெயரையும் சேருங்கள் என்று நன்கொடை வந்தது. கல்லூரிக்குப் பணம் அவசரத் தேவை. ஆனால் கல்லூரியைத் தொடங்கியவரின் உயிலில் இந்தப் பெயர் என்றென்றும் இருக்க வேண்டும் என்று இருந்தது. 2015இல் நீதிமன்றம் மறுத்தது, நன்கொடையும் திரும்பிப் போனது. உயிலில் ஒரு வரிக்கு அவ்வளவு பலம். போதைக்கு அடிமையாக்கும் வலிமருந்தை விற்ற விவகாரத்துக்குப் பிறகு, 2019இல் அந்த மருந்து நிறுவனத்தின் உரிமையாளர்களான சாக்லர் குடும்பத்தின் பெயரை எடுத்த டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம் போல, ஒப்பந்தம் இருந்தும் துணிந்து எடுத்தவர்களும் உண்டு.

எனக்கு மிகவும் பிடித்த பெயர் மாற்றம் ஜார்ஜ்டவுனில் நடந்தது. அந்தப் பல்கலைக்கழகத்தை நடத்திய இயேசு சபையினர் 1838இல் 272 அடிமைகளை விற்றார்கள். கல்லூரியின் கடன் அதில் அடைந்தது. விற்பனையை நடத்திய மலெடியின் பெயர் ஒரு கட்டடத்தில் இருந்தது. மாணவர்கள் 2015இல் தலைவர் அலுவலகத்துக்கு வெளியே உட்கார்ந்து போராடி அதை எடுக்க வைத்தார்கள். 2017இல் அதற்கு ஐசக் ஹாக்கின்ஸ் ஹால் என்று பெயர் வைத்தார்கள். ஐசக் நன்கொடை கொடுத்தவரில்லை, பதவியில் இருந்தவரில்லை. விற்பனைப் பத்திரத்தின் பட்டியலில் முதலில் இருந்தவர். அவரை விற்றவர்கள் எழுதி வைத்த காகிதம்தான் அவர் பெயரை 179 வருடம் பத்திரமாக வைத்திருந்தது. இதைப் படித்த அன்று ஸ்டோர்க்காரரைப் பற்றி நான் எடுத்துவிட்ட அந்தப் பத்தியைத்தான் நினைத்துக்கொண்டேன்.

உங்கள் வளாகத்தில் ஒரு பெயர் எப்படி வந்தது என்று தெரிய வேண்டுமானால், பெயர்ப்பலகையில் திறப்பு விழாத் தேதியைத்தான் பார்ப்பீர்கள், அது போதாது. தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகம் என்றால் அதன் ஆட்சிக்குழுவான சிண்டிகேட்டின் தீர்மானத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். தீர்மான எண், தேதி, அதோடு வைத்த குறிப்பு, யார் முன்மொழிந்தார் என்று தனித்தனியாகக் கேளுங்கள். புதிதாக ஒரு பெயரை நீங்களே முன்மொழிவதாக இருந்தால் காரணத்தை முழுதாக எழுதி இணைப்பாகக் கொடுங்கள். கொடுத்ததற்கு முத்திரை போட்ட நகலும் வாங்கிக்கொள்ளுங்கள். மினிட்ஸ் எழுதுகிறவர் அதை ஒரு வரியாகச் சுருக்கினாலும், இணைப்பு கோப்பில் இருக்கும்.