சூரியனே இல்லாத துருவ வானம் திடீரென்று சூடாவது எப்படி?

நடுக்குளிரில், வெயிலே படாத வட துருவத்துக்கு மேல் சில நாட்களிலேயே, முன்பு இருந்ததைவிட 50 டிகிரி வரை வெப்பம் கூடுவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். காரணம், காற்று கீழே இறங்கி அமுங்குவதுதான். சைக்கிள் பம்பை வேகமாக அழுத்திவிட்டு அடிப்பக்கத்தைத் தொட்டால் சுடுமே, அதே கதை.

சரி, காற்று ஏன் இறங்குகிறது? இமயமலை, ராக்கி போன்ற பெரிய மலைத்தொடர்களில் மோதும் காற்று ராட்சத அலைகளாக மேலே பரவுகிறது. அவை சுமார் 30 கி.மீ. உயரத்தில் துருவத்தைச் சுற்றிவரும் மேற்குக் காற்றை முட்டி மெதுவாக்குகின்றன, சிலசமயம் திசையையே திருப்பிவிடுகின்றன. இந்தக் காற்றுச் சுழல் குலைந்ததும் துருவத்தின் மேல் காற்று இறங்குகிறது.

1952இல் பெர்லினில் வானிலை ஆய்வாளர் ரிச்சர்ட் ஷெர்ஹாக் பலூன் அளவீடுகளில் இதைக் கண்டார். 1971இல் ஜப்பானிய ஆய்வாளர் தாரோ மட்சுனோ மேலே சொன்ன அலைகளைக் கொண்டு இதை விளக்கினார். 2002 செப்டம்பரில் அண்டார்டிகாவிலும் இது நடந்தது. ஓசோன் ஓட்டையே இரண்டாகப் பிளந்தது. பிளந்த அந்த ஓட்டையின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கும்.